மொரீசியஸில் சிறிய புடவைக் கடைக்கு பேஸ்புக் விளம்பரம் செய்தால் மூன்று மாதத்தில் விற்பனை இரட்டிப்பாகுமா?

மாதம் 5,000 மொரீசியஸ் ரூபாய் செலவழித்தால் மூன்றே மாதத்தில் விற்பனை இரண்டு மடங்காகும் என்று போர்ட் லூயியில் ஒரு ஏஜென்சி உங்களிடம் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். தயவுசெய்து அதை நம்பிக் கடன் வாங்கிச் சரக்கு இறக்கிவிடாதீர்கள். ரோஸ் ஹில்லில் எங்கள் குடும்பத் துணிக்கடையின் பேஸ்புக் பக்கத்தை நான்தான் பார்த்துக்கொள்கிறேன். பலன் உண்டு, ஆனால் அந்த வேகத்தில் வராது.

நம் தீவில் மொத்தமே சுமார் 12 லட்சம் பேர்தான். அதில் புடவை உடுத்துகிறவர்கள், உங்கள் விலைக்கு வாங்கக்கூடியவர்கள், கடைக்கு வந்து போகிற தூரத்தில் இருப்பவர்கள் என்று கழித்துக்கொண்டே போனால் மிஞ்சுவது சின்னக் கூட்டம். விளம்பரம் சீக்கிரமே அவர்களைச் சுற்றி வந்துவிடும். பிறகு அதே பெண்மணி அதே படத்தை ஐந்தாவது தடவை பார்த்துக்கொண்டிருப்பார். விளம்பரக் கணக்கில் ‘ஃப்ரீக்வென்சி’ என்ற எண் (ஒருவர் சராசரியாக எத்தனை தடவை விளம்பரத்தைப் பார்த்தார் என்பது) ஏறிக்கொண்டே போனால் பணத்தைக் கூட்டாதீர்கள், படத்தை மாற்றுங்கள்.

அப்புறம், விளம்பரத்தை யாருக்குக் காட்டுவது என்று பேஸ்புக்கை நடத்தும் மெட்டா நிறுவனத்தின் கணினி கற்றுக்கொள்வதற்கு, ஒரு விளம்பரத் தொகுப்புக்கு வாரத்தில் சுமார் 50 பலன்கள் வேண்டும். அந்தப் பலனை விற்பனை என்று வைத்தால் நம் போன்ற கடைக்கு எட்டவே எட்டாது. வாட்ஸ்அப் செய்தி என்று வைத்தால் ஓரளவு நெருங்கலாம். அந்தச் செய்திகளிலும் ‘கொம்யே?’ என்று விலை கேட்டுவிட்டுக் காணாமல் போகிறவர்கள்தான் அதிகம், அதற்காக மனம் தளர வேண்டாம். காசு கொடுக்காமல் வெறும் பதிவு போட்டே கூட்டம் சேர்க்கலாம் என்றும் எண்ண வேண்டாம். 2018-இல் பேஸ்புக் நிறுவனம் நண்பர்கள், குடும்பத்தினரின் பதிவுகளுக்கு முன்னுரிமை கொடுத்த பிறகு கடைப் பக்கங்களின் பதிவுகள் முன்பு போலப் போய்ச் சேர்வதில்லை.

எனக்கு அதிகம் கவலை தருவது கணக்குப் பார்க்கும் விதம். அக்டோபரில் விளம்பரம் தொடங்கினால் மூன்று மாதத்துக்குள் தீபாவளியும் வந்துவிடும், டிசம்பரில் சட்டப்படி கிடைக்கும் ஆண்டு இறுதி போனஸும் ஊழியர்கள் கைக்கு வந்துவிடும். விளம்பரம் இல்லாவிட்டாலும் கடை நிறையும் மாதங்கள் அவை. அந்த விற்பனையைக் காட்டி ‘பார்த்தீர்களா, நாங்கள் கொண்டுவந்தது’ என்று ஏஜென்சி சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். இந்த டிசம்பரைப் போன டிசம்பரோடுதான் ஒப்பிட வேண்டும். நீங்கள் புதுக்கடை, ஒப்பிட இன்னும் எதுவும் இல்லை. அதனால் பில் போடும்போதே ‘எங்களைப் பற்றி எப்படித் தெரிந்தது?’ என்று கேட்டு ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். ஏஜென்சி அனுப்பும் அறிக்கையைவிட நான் அந்த நோட்டைத்தான் நம்புவேன்.

தைப்பூசக் காவடிக்கு ரோஸ் நிறத் துணி வாங்குகிறவர்கள் கொடியேற்றத்துக்கு முன்பே வாங்கி முடித்துவிடுகிறார்கள். விரதம் தொடங்கும் நாளில் விளம்பரத்தைத் தொடங்கினால் தாமதம். மூன்று வாரம் முன்னதாகவே ஓட விடுங்கள்.

முதல் மூன்று மாதத்தில் எந்தத் துணியைப் பற்றி ஜனங்கள் விசாரிக்கிறார்கள், எந்த விலையில் பின்வாங்குகிறார்கள் என்று தெரிந்துகொண்டாலே செலவழித்த காசுக்கு அது போதும். விற்பனையைப் பற்றிப் பேச ஒரு முழு வருடமாவது வேண்டும்.

ஏஜென்சியோடு கையெழுத்துப் போடுவதாக இருந்தால், பேஸ்புக் பக்கமும் விளம்பரக் கணக்கும் உங்கள் பெயரில்தான் இருக்கும் என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அவர்களோடு ஒத்துவராமல் பிரிந்தாலும் சேர்ந்த வாடிக்கையாளர்கள் உங்களிடமே இருப்பார்கள்.