விட்சர் நாவல் தொடரைப் படிக்கலாமா, எங்கிருந்து தொடங்குவது?

தாராளமாகப் படிக்கலாம். ஆனால் நாவல்களில் தொடங்காதீர்கள், முதலில் 'தி லாஸ்ட் விஷ்' சிறுகதைத் தொகுப்பை எடுங்கள்.

போலந்து எழுத்தாளர் சப்கோவ்ஸ்கி 1986இல் ஓர் இதழில் எழுதிய முதல் கதையே அந்நாட்டு நாட்டார் கதையிலிருந்து பிறந்ததுதான். சாபத்தால் பேயாகிவிட்ட இளவரசி இரவில் கல்லறையிலிருந்து எழுந்து ஆட்களைக் கொல்கிறாள். தொடரின் நாயகன் கெரால்ட், கூலிக்குப் பேய்களையும் அரக்கர்களையும் வேட்டையாடும் 'விட்சர்'. ஆனாலும் அவன் அவளைக் கொல்லவில்லை. அவள் திரும்பிப் படுக்க இடமில்லாமல் சாபம் தீரட்டும் என்று, சேவல் மூன்றாம் முறை கூவும்வரை அவளுடைய சவப்பெட்டிக்குள் தானே படுத்துக்கொள்கிறான். பேயையும் மனுஷியாகப் பார்க்கிற அந்த மனசுதான் எனக்கு இந்தத் தொடரின் உயிர்.

அப்புறம் வரும் ஐந்து நாவல்களில் அரசியலும் போரும் கூடிவிடுகின்றன, நாட்டார் வாசனை குறைகிறது என்று சிலர் வருந்துவது நியாயமே. ஆனாலும் 'சிரி' என்ற சிறுமிக்கும் கெரால்டுக்கும் இடையிலான அப்பா-மகள் பாசம் என்னைக் கடைசிப் பக்கம்வரை இழுத்துச் சென்றது.