16, 17-ஆம் நூற்றாண்டு ஐரோப்பிய வேட்டைத் துப்பாக்கிகளில் இவ்வளவு அலங்காரம் இருக்கிறதே, அவற்றால் நிஜமாகவே சுட்டார்களா?

கேள்வியின் கீழே "சும்மா காட்சிப்பொருள்தானே?" என்று ஒரு வரி சேர்த்திருக்கிறீர்கள். அந்த வரிக்காகத்தான் எழுதுகிறேன். ஏதோ ஒரு அருங்காட்சியகத்தில் கண்ணாடிக்குப் பின்னால் பார்த்துவிட்டு வந்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன்.

சுட்டார்கள். பரிசாகக் கொடுக்கவே செய்தவையும் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் பல துப்பாக்கிகள் காட்டுக்குப் போனவை.

நான் மரவேலைக்காரன். பழைய மேஜை, பீரோக்களில் பெயர்ந்துபோன பதிப்பு வேலையை, அதாவது மரத்தில் பள்ளமெடுத்து வேறு பொருளைப் பதிக்கும் அலங்காரத்தை, சரிசெய்வதுதான் தொழில். வியன்னாவில் ஹாப்ஸ்பர்க் அரசர்களின் வேட்டை ஆயுதச் சேகரிப்பைப் பார்க்கப் போனபோது, ஒரே ஒரு துப்பாக்கிக் கட்டையின் (கையில் பிடிக்கும் மரப்பகுதி) முன்னால் முக்கால் மணி நேரம் நின்றேன். மான்கொம்பை மெல்லிய தகடாக அறுத்து, நாய், மான், இலைக்கொடி என்று வெட்டி, மரத்தில் அதே வடிவத்தில் பள்ளம் எடுத்துப் பதித்திருந்தார்கள். அதன்மேல் கோடு கீறி, கறுப்பு தேய்த்திருந்தார்கள். குனிந்து பக்கவாட்டில் பார்த்தேன். ஒரு தகடுகூட மரத்தைவிட மயிரிழை அளவு தூக்கலாக இல்லை.

காரணம் இருக்கிறது. அந்தக் கால ஜெர்மன் வேட்டைத் துப்பாக்கியின் கட்டையைத் தோளில் முட்டுக்கொடுக்க மாட்டார்கள், கன்னத்தோடு ஒட்டிப் பிடிப்பார்கள். தகடு தூக்கி நின்றால் சுடுகிறவனின் கன்னம் கிழியும். காட்சிக்கு மட்டும் என்றால் இப்படி வழவழப்பாக இழைக்க வேண்டிய அவசியமே இல்லை.

துப்பாக்கி மருந்தைப் பற்றவைக்கும் பூட்டும் அப்படித்தான். சாவியால் முறுக்கி வைத்த எஃகுச் சக்கரம் சுழன்று பைரைட் என்ற இரும்புக் கந்தகக் கல்லில் உரசிப் பொறி பறக்கும். திரித் துப்பாக்கிபோலத் திரி புகைந்துகொண்டே இருக்காது, அதனால் விலங்கு மோப்பம் பிடித்து ஓடாது. விலை அதிகம்தான், ஆனாலும் பிரபுக்கள் இதை விரும்பினார்கள். அவர்கள் புதரில் இழுத்துக்கொண்டு அலையவும் இல்லை. பல வேட்டைகளில் ஆட்கள் மானை விரட்டிவர, இவர்கள் நின்ற இடத்திலிருந்தே சுட்டார்கள். பதிப்பு பிழைத்திருப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

வேட்டையைப் புகழ்கிறேன் என்று யாரும் கிளம்பிவிடாதீர்கள். நான் பேசுவது கைவேலையைப் பற்றி மட்டும்.

மியூனிக்கில் பவேரியப் பிரபுக்களுக்காக இரும்பைச் செதுக்கிய சாடெலர் சகோதரர்களின் பெயர் நமக்குத் தெரியும். மரத்தில் கொம்பு பதித்தவர்களில் பலர் பெயரே இல்லாமல் போய்விட்டார்கள். அது எனக்கு ஆறவே இல்லை. போன வருஷம் ஒரு வாடிக்கையாளர், பதினோரு நாள் உட்கார்ந்து நான் பதித்த பூவேலையைப் பார்த்து, "இது டிசைன்தானே, மேஜைக்கு மட்டும் காசு வாங்கிக்கோங்க" என்றார். கடைசிவரை மீதிப் பணம் வரவில்லை. உங்கள் "சும்மா"வைப் படித்ததும் அவர் முகம்தான் ஞாபகம் வந்தது.

அடுத்த முறை போனால், கட்டையின் கன்னம் படும் பக்கத்தைப் பாருங்கள். வலதுகைக்காரருக்கு அது இடப்பக்கம்.