கொச்சி மாதிரி மதுரை வைகையில் தினசரி படகுப் போக்குவரத்து விட முடியுமா?

சுருக்கமாகச் சொன்னால், முடியாது. காசு இருந்தாலும் தண்ணீர் வேண்டுமே! அணையில் திறந்துவிட்டால்தான் மதுரைக்குள் வைகை ஓடும். அழகர் இறங்குவதற்கே தண்ணீர் திறக்கச் சொல்லிக் கேட்க வேண்டியிருக்கிறது. தடுப்பணை கட்டித் தேக்கலாமே என்பார்கள். தேக்கினாலும் படகு எங்கே போகும்? ஏ.வி. பாலத்தை ஒட்டித் தரையோடு தரையாகக் கிடக்கும் கல்பாலத்தைப் பாருங்கள். வெள்ளம் வந்தால் மூழ்கும், வற்றினால் வழியை மறிக்கும். உல்லாசப் படகு வேண்டுமானால் வண்டியூர் தெப்பக்குளம் போதும்.

கொச்சியில் உப்பங்கழி வருடம் முழுக்க நிறைந்து கிடக்கிறது. அங்கே 2023 ஏப்ரலில் வாட்டர் மெட்ரோ என்ற மின்சாரப் படகுப் போக்குவரத்து தொடங்கியது. முதல் வழித்தடம் உயர் நீதிமன்றம் – வைப்பின். பாலத்தில் சுற்றிப் போவதற்குப் பதில் நேராகக் கடக்கலாம். படகுத்துறையில் மிதக்கும் மேடை போட்டிருக்கிறார்கள். கடல் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் தக்கபடி மேடையும் படகோடு ஏறி இறங்கும். சக்கர நாற்காலிகூடத் தட்டாமல் உள்ளே போய்விடும். என்னைக் கேட்டால் மின்சாரப் படகைவிட இதுதான் பெரிய விஷயம்.

அப்புறம், துறையில் இறங்கியவுடன் பஸ் கிடைக்க வேண்டும். கொச்சியின் வைற்றிலாவில் பஸ் நிலையம், மெட்ரோ, படகுத்துறை மூன்றும் அருகருகே இருக்கின்றன. வேலைக்குப் போகிறவருக்குப் படகில் மிச்சமாகிற பத்து நிமிடம் ஆட்டோவுக்குக் காத்திருப்பதில் போய்விட்டால், மறுநாள் அவர் பைக்கை எடுத்துவிடுவார்.