குற்றப்பத்திரம் வராமலே 14 மாதம்

கேள்வி: கொலைச் சந்தேகத்தில் தம்பியைப் பிடித்து 14 மாதமாகிறது. ஒவ்வொரு தவணையிலும் "சட்டமா அதிபரின் ஆலோசனை வரவில்லை" என்று சொல்லி, மறுபடி விளக்கமறியலுக்கு அனுப்புகிறார்கள். வழக்கே போடாமல் எத்தனை காலம் வைத்திருப்பார்கள்? – ஒரு சகோதரி, மஸ்கெலியா

பதில்: சகோதரி, நீதவான் நீதிமன்றத் தவணையை மட்டும் நம்பியிருக்காதீர்கள். கொலைச் சந்தேக நபருக்கு நீதவான் பிணை கொடுக்க முடியாது. 1997ஆம் ஆண்டின் 30ஆம் இலக்கப் பிணைச் சட்டப்படி அந்த அதிகாரம் மேல் நீதிமன்றத்துக்கே உண்டு.

அதே சட்டத்தின் 16ஆம் பிரிவு, தண்டனை பெறாத ஒருவரைக் கைதான நாளிலிருந்து 12 மாதத்துக்கு மேல் அடைத்து வைக்கக் கூடாது என்கிறது. சட்டமா அதிபர் கேட்டால் மேல் நீதிமன்றம் இதை நீடிக்கலாம். ஒரு தடவைக்கு 3 மாதத்துக்கு மேல் இல்லை, எல்லாம் சேர்த்து இன்னும் 12 மாதம்தான். (பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் கைதானவர்களுக்கு இது பொருந்தாது.) தம்பியின் விஷயத்தில் அப்படி நீடிப்புக் கட்டளை வாங்கியிருக்கிறார்களா? முதலில் அதைத்தான் சட்டத்தரணி கண்டுபிடிக்க வேண்டும். 12 மாதம் முடிந்தவுடன் சிறைக் கதவு தானாகத் திறக்காது. மனுவும் சத்தியக்கடதாசியும் (சத்தியம் செய்து கொடுக்கும் எழுத்து வாக்குமூலம்) போட்டுக் கேட்க வேண்டும். பலர் தவறவிடுவது இதைத்தான்.

நீதவான் நீதிமன்றப் பதிவாளரிடம் விண்ணப்பித்து, பொலிசார் நீதவானுக்குக் கொடுத்த 'பி' அறிக்கைகளுக்கும் (வழக்கு விபர அறிக்கைகள்) தவணைக் குறிப்புகளுக்கும் அத்தாட்சிப் பிரதி எடுங்கள். கைதான திகதி அதில்தான் நிரூபணமாகும். பிரேத பரிசோதனை அறிக்கையோ அரச இரசாயனப் பகுப்பாய்வாளர் அறிக்கையோ கிடைக்காமல் வழக்குக் கோவை அங்கேயும் இங்கேயும் அலைவதாலும் தாமதமாகும். எது பாக்கி, கோவை கொழும்புக்கு எப்போது போனது என்று சட்டத்தரணி திறந்த மன்றில் கேட்டுப் பதியவைக்கட்டும்.

கையில் காசில்லை என்றால் சட்ட உதவி ஆணைக்குழுவின் அலுவலகத்துக்குப் போங்கள். வருமானம் குறைந்தவர்களுக்கு அங்கே சட்டத்தரணி கிடைப்பார். சம்பளச் சீட்டையும் வழக்கிலக்கத்தையும் கொண்டுபோங்கள். "பிணை எடுத்துத் தருகிறேன்" என்று வாசலில் நிற்கும் தரகர்களிடம் ஒரு சதமும் கொடுக்காதீர்கள்.

பிணையாளர்களை இப்போதே தேடி வையுங்கள். லயத்தில் இருப்பவர்களுக்கு அடையாள அட்டையில் ஒரு முகவரி, கிராம சேவகர் சான்றிதழில் வேறொன்று என்றிருக்கும். அதைச் சரிசெய்யாமல் போனால், பிணைக் கட்டளை கிடைத்த பிறகும் தம்பி உள்ளேயே இருக்க நேரும். நீடிப்புக் கட்டளை இருந்தால் அது முடியும் திகதியைக் குறித்துக்கொண்டு, அன்றைக்கே மனுவைத் தயாராக வையுங்கள்.