ஆட்டோகேட் லிஸ்ப்ல டெக்ஸ்ட்டை சரியான இடத்துல உக்கார வைக்கிறது எப்படி? கேள்வி பதில்

ஆட்டோகேட்ல வேலையை தானா செய்ய வைக்கிற ஆட்டோலிஸ்ப்ங்கிற மொழில புரோகிராம் எழுதி டெக்ஸ்ட் போடுறதுல வர்ற சந்தேகங்களை கேளுங்கன்னு சொல்லியிருந்தேன், வந்ததுல முக்கியமானதுக்கு பதில் சொல்லிடறேன்.

கேள்வி: அண்ணா, டிப்ளமோ சிவில் முடிச்சு டிராஃப்டிங் வேலைல இருக்கேன், புரோகிராமிங் சுத்தமா தெரியாது. ஆபீஸ்ல ஆட்டோகேட் எல்டி (வசதிகள் குறைஞ்ச வெர்ஷன்) தான் இருக்கு. கத்துக்க முடியுமா?

பதில்: தாராளமா முடியும் தம்பி. எல்டில 2024 வெர்ஷன்லருந்து ஆட்டோலிஸ்ப் ஓடும், அதுக்கு முந்தின எல்டின்னா ஓடாது, முதல்ல அதை பாத்துக்கோ. அப்புறம் புக்கெல்லாம் தேடாம ஒரு டெக்ஸ்ட் போட்டு என்ட்செல்லால (entsel, கிளிக் பண்ணி பிடிக்கிற ஃபங்ஷன்) அதை பிடிச்சு என்ட்கெட்ல (entget) அதோட தகவல் லிஸ்ட்டை பாரு, ஒவ்வொரு தகவலுக்கும் ஒரு நம்பர் இருக்கும். 1ல எழுத்து, 7ல ஸ்டைல், 10ல புள்ளி, 40ல உயரம், 50ல கோணம் இருக்கும். டெக்ஸ்ட்டை நகத்து, திருப்பு, திரும்ப லிஸ்ட் எடு, எந்த நம்பர் மாறுதுன்னு கவனி. பாதி விஷயம் அதுலயே புரிஞ்சிடும்.

கேள்வி: சார், சென்டர்ல இருக்கிற டெக்ஸ்ட்டோட 10ஐ மாத்தி என்ட்மாட் (entmod, மாத்தின லிஸ்ட்டை டிராயிங்ல ஏத்துற ஃபங்ஷன்) பண்றேன், எரரும் வரல, டெக்ஸ்ட்டும் நகரல!

பதில்: எல்லாருமே மாட்டுற இடம் இது. சாதா டெக்ஸ்ட்டுக்கு ரெண்டு புள்ளி உண்டு, 10 ஒண்ணு 11 ஒண்ணு. எழுத்து புள்ளிக்கு எந்த பக்கம் நிக்கணும்னு சொல்ற 72, 73 ரெண்டும் 0ன்னா, அதாவது லெஃப்ட்ல இருந்தா, 10 சொல்றபடி நிக்கும். அதுல ஒண்ணு மாறினாலும் (ரெண்டு புள்ளியும் கணக்குல வர்ற அலைன்ட், ஃபிட் தவிர) 11 தான் கணக்கு, 10ஐ ஆட்டோகேடே கணக்கு போட்டு மாத்தி எழுதிடும், நீங்க குடுத்தது போயிடும். அதனால 11ஐ மாத்துங்க. என்ட்மேக்ல (entmake, லிஸ்ட்டை குடுத்து புதுசா உருவாக்குற ஃபங்ஷன்) புதுசா போடும்போது ரெண்டுலயும் ஒரே புள்ளியை குடுத்துடுங்க.

இதே புரோகிராமை எம்டெக்ஸ்ட்டுக்கு (பல வரி டெக்ஸ்ட்) அப்படியே காப்பி பண்ணிடாதீங்க, அங்க 11ங்கிறது புள்ளியே இல்ல, டெக்ஸ்ட் எந்த திசைல ஓடணும்கிறது, அதுல புள்ளியை குடுத்தா எழுத்து கோணலா திரும்பி நிக்கும். எம்டெக்ஸ்ட்டுக்கு 10 மட்டும் போதும், கூட புள்ளி எழுத்தோட எந்த இடத்துல ஒட்டணும்னு சொல்ற 71ல 1லருந்து 9க்குள்ள ஒரு நம்பர், 1ன்னா மேல் இடது மூலை, 5 நட்ட நடு, 9 கீழ் வலது.

கேள்வி: சர்வே பிளான்ல ஒவ்வொரு கோட்டு மேலயும் நீளம் எழுதணும், பாதி தலைகீழா வருது மேடம் திட்டுறாங்க...

பதில்: ஆங்கிள் ஃபங்ஷன் கோட்டை எந்த முனைலருந்து வரைஞ்சோமோ அந்த திசையை தான் குடுக்கும், ரேடியன்ல. அது 90 டிகிரிக்கு மேல 270 வரைக்கும் இருந்தா ஒரு பை (180 டிகிரி) கூட்டிடுங்க, நிமிந்துடும். முதல்ல இதை பண்ணிட்டு அப்புறம் தான் கோட்டோட நடுப்புள்ளிலருந்து போலார் (polar, குடுத்த கோணத்துல குடுத்த தூரம் தள்ளி புள்ளி தர்ற ஃபங்ஷன்) போட்டு, அந்த புது கோணத்தோட பாதி பை கூட்டின திசைல தள்ளணும், வரிசை மாறினா சிலது கோட்டுக்கு மேலயும் சிலது கீழயும் உக்காரும். 72ல 1, 73ல 2 (எழுத்தோட நட்ட நடு) வச்சு டெக்ஸ்ட் உயரம் அளவுக்கே தள்ளுங்க, கோட்டுக்கும் எழுத்துக்கும் நடுவுல அரை உயரம் இடைவெளி அழகா கிடைக்கும்.

டிகிரியை ரேடியனா மாத்துறப்ப 180ன்னு எழுதாம 180.0ன்னு எழுதுங்க, ரெண்டும் முழு எண்ணா இருந்தா 45ஐ 180ஆல வகுத்தா லிஸ்ப்ல 0 தான் வரும்.

கேள்வி: கமாண்ட் ஃபங்ஷன்ல டெக்ஸ்ட் போடுறேன், என் சிஸ்டம்ல கரெக்ட், பக்கத்து சீட்ல எங்கயோ போய் விழுது?

பதில்: அவர் ஓஸ்னாப் (பக்கத்து முனை, நடுப்புள்ளில தானா ஒட்டுற வசதி) ஆன் பண்ணி வச்சிருப்பார், நீங்க குடுத்த புள்ளியை பக்கத்துல இருக்கிற எண்ட்பாயின்ட் இழுத்துக்கும். புள்ளிக்கு முன்னாடி நன் (none, எதுலயும் ஒட்டாதே) ஸ்னாப் குடுங்க. இன்னொண்ணு, ஸ்டைல்ல உயரம் ஃபிக்ஸ் பண்ணியிருந்தா உயரம் கேக்கவே கேக்காது, நீங்க அனுப்பின உயரத்தை கோணம்னு எடுத்துக்கும். என்னை கேட்டா என்ட்மேக் தான் நல்லது, ரெண்டு தொல்லையும் இல்ல, ஆனா யூசிஎஸ் (நாமளே வைக்கிற அச்சு அமைப்பு) மாத்தி வச்சிருந்தா கெட்பாயின்ட்ல (getpoint) கிளிக் பண்ணி வாங்கின புள்ளியை டிரான்ஸ் (trans) ஃபங்ஷன் போட்டு வேர்ல்டு அச்சு அமைப்புக்கு மாத்திக்கணும்.

கேள்வி: டெக்ஸ்ட்டை சுத்தி பாக்ஸ் வரையணும் அண்ணா, அகலம் எப்படி எடுக்கிறது?

பதில்: டெக்ஸ்ட்பாக்ஸ் ஃபங்ஷன். அது குடுக்கிற ரெண்டு மூலையும் டெக்ஸ்ட் 0,0ல திரும்பாம நிக்கிற மாதிரி கணக்கு, அதை 50ல இருக்கிற கோணத்துக்கு திருப்பி 10லருந்து வைக்கணும், சென்டர் டெக்ஸ்ட்டா இருந்தாலும் இங்க 10 தான், 11 இல்ல. இங்கிலீஷ் சின்ன ஜி, பி மாதிரி கீழ தொங்குற எழுத்து இருந்தா பாக்ஸ் உயரம் மாறும், வரிசையா ரூம் பேர் போட்டா ஒவ்வொண்ணும் ஒரு சைஸ்ல நிக்கும், அதனால அகலத்தை மட்டும் அதுலருந்து எடுத்துட்டு உயரத்துக்கு 40ஐ வச்சுக்கோ.