உறைந்த ரத்தம் கரைந்துபோனால்: ஃபேக்டர் 13 கேள்வி பதில்

காரைக்குடியில் ரத்தப் பரிசோதனைக் கூடத்திலேயே தலை நரைத்தவன் நான். ஃபேக்டர் 13 என்பது உறைந்த ரத்தத்தைக் கரையாமல் இறுக்கிப் பிடிக்கும் ஒரு ரத்தப் புரதம். அதன் குறைபாடு பற்றி வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

பேரனுக்குத் தொப்புள்கொடி விழுந்த இடத்தில் ரத்தம் கசிந்துகொண்டே இருக்கிறது. உறையும் நேரம் சரியாக இருக்கிறது என்கிறார்களே? (தேவகோட்டை ஆச்சி)

ஆச்சி, அந்தச் சோதனை ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று மட்டும்தான் பார்க்கும். ஃபேக்டர் 13க்கு வேலையே உறைந்த பிறகுதான். செங்கலை அடுக்கிவிட்டுச் சாந்து வைக்காத சுவர் எத்தனை நாள் நிற்கும்? அப்படித்தான் இதுவும். உறைந்த ரத்தத்தை யூரியாக் கரைசலில் போட்டு வைப்போம். நல்ல ரத்தமென்றால் மறுநாளும் ஜவ்வரிசிபோல அடியில் கிடக்கும். ஃபேக்டர் 13 அறவே இல்லாத ரத்தம் சீக்கிரமே கரைந்து, குழாயில் தண்ணீர்தான் மிஞ்சும். இந்த நோயில் தலைக்குள் ரத்தம் கசியும் ஆபத்து அதிகம். நாளைக்கென்று தள்ளாமல் இன்றே ரத்தவியல் மருத்துவரிடம் கொண்டுபோங்கள். அவரைக் கேட்காமல் தசையில் ஊசி போட விடாதீர்கள்.

என் கோயில் மாத்தூர். மாமன் மகளைத்தான் கட்டினேன், அவள் பிறந்த வீட்டுக் கோயில் பிள்ளையார்பட்டி. கோயில் வேறாக இருந்தும் பிள்ளைக்கு எப்படி வந்தது? (கண்டனூர்)

தம்பி, நகரத்தார் வழக்கில் கோயில் என்பது குலப்பிரிவு, அது அப்பச்சி (அப்பா) வழியில் வருவது. மரபணு இரண்டு வழியிலும் வரும். உங்கள் ஆத்தாவும் மாமனாரும் ஒரே ஐயா, ஆயா பெற்ற பிள்ளைகள் அல்லவா? பழுதுபட்ட மரபணு இரு பக்கமும் சேர்ந்தால்தான் நோய். ஒரு பிரதி மட்டும் உள்ளவருக்குப் பெரும்பாலும் தெரியவே தெரியாது. இருவரிடமும் இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு, ஆணானாலும் பெண்ணானாலும். ‘மருமகள் கொண்டுவந்த நோய்’ என்று யாராவது பேசினால், பாதி மகன் கொடுத்தது என்று முகத்துக்கு நேரே சொல்லுங்கள்.

இருபது லட்சம் பேரில் ஒருவருக்கு வரும் நோயை எப்படி ஆராய்கிறார்கள்? (கானாடுகாத்தான் மாணவி)

ரங்கூன், பினாங்கு, கொழும்புக் கடைக் கணக்கெல்லாம் வந்து சேர்ந்தால்தானே ஊரில் ஐந்தொகை போட முடியும்? அதே கதைதான். 1960இல் சுவிட்சர்லாந்தில் ஒரு சிறுவனிடம் இந்த நோயை முதலில் கண்டார்கள். மரபணுத் தொழில்நுட்பத்தில் செய்த மருந்தைச் சோதிக்கப் பல நாடுகளிலிருந்து திரட்டியும் கிடைத்தவர்கள் 41 பேர்தான். அந்த 41 பேரை வைத்தே 2012இல் ஐரோப்பாவிலும் 2013இல் அமெரிக்காவிலும் அனுமதி கிடைத்தது. இத்தாலியின் மிலான் நகரை மையமாகக் கொண்ட பன்னாட்டு நோயாளிப் பதிவேட்டிலிருந்து 2017இல் ஒரு கணக்கு வந்தது: ஃபேக்டர் 13 இயல்பான அளவில் 15 விழுக்காட்டுக்குக் குறையாமல் இருந்தால் தானாக வரும் பெரிய ரத்தக்கசிவைத் தடுக்கலாம். எந்த ஒரு மருத்துவமனையும் தனியாக இதைச் சொல்லியிருக்க முடியாது.

பதிவேட்டில் சேர்ந்தால் குடும்பப் பெயர் வெளியே போகுமா? (பள்ளத்தூர்)

பெயர் போகாது, குறியீட்டு எண்தான் போகும். ஒப்புதல் படிவத்தைத் தமிழில் கேட்டு வாங்கிப் படித்த பிறகு கையெழுத்திடுங்கள்.

வாழ்நாள் முழுவதும் ஊசியா?

ஆமாம், ஆனால் ஹீமோஃபிலியாபோல வாரத்துக்கு இரண்டு மூன்று முறை தேவைப்படாது. இது உடலில் மெதுவாகத்தான் குறையும், நான்கு வாரத்துக்கு ஒருமுறை போதும். மருந்து கிடைக்காத இடத்தில் ரத்த வங்கியின் கிரையோ (பிளாஸ்மாவை உறையவைத்துப் பிரித்தெடுக்கும் பகுதி) கைகொடுக்கும். எனக்குத் தெரிந்த ஒரு தாய் அமாவாசைக்கு அமாவாசை என்று கணக்கு வைத்திருக்கிறார். ஒன்றிரண்டு நாள் தள்ளிப்போகிறதுதான், மருத்துவர் சரி என்றுவிட்டார்.