உரியா உயிரோடு இருந்தால்

அன்புள்ள ஐயா,

உங்கள் கட்டுரைகளைச் சில ஆண்டுகளாக வாசித்து வருகிறேன். எழுதுவது இதுதான் முதல்முறை. என் பெயரை வெளியிட வேண்டாம்.

9 ஆண்டுகளுக்கு முன் நான் வேலை பார்த்த இடத்தில் கணக்கில் ஒரு பெரிய தவறு நடந்தது. செய்தது நான். விசாரணை வந்தபோது பக்கத்து மேசைக்காரர்மேல் சந்தேகம் விழுந்தது. நான் வாயைத் திறக்கவில்லை. பொய் எதுவும் சொல்லவில்லை, சும்மா இருந்தேன், அவ்வளவுதான். அவரை வேலையைவிட்டு அனுப்பினார்கள். அடுத்த ஆண்டு எனக்குப் பதவி உயர்வு கிடைத்தது.

அதற்குப் பிறகுதான் நான் ஆண்டவரை ஏற்றுக்கொண்டேன். அன்றிலிருந்து இந்தப் பாவத்தை அறிக்கையிட்டு அழாத இரவுகள் குறைவு. 51ஆம் சங்கீதம் மனப்பாடம். ‘தேவரீர் ஒருவருக்கே விரோதமாக நான் பாவஞ்செய்து’ என்ற இடத்துக்கு வரும்போது உடைந்துவிடுவேன். எங்கள் போதகரிடம் மேலோட்டமாகச் சொன்னேன். “மன்னித்த பாவத்தைக் கர்த்தர் நினைப்பதில்லை. நினைப்பூட்டுகிறவன் பிசாசு. அவனை எதிர்த்து நில்லுங்கள்” என்றார். நின்றும் பார்த்துவிட்டேன். இப்போதெல்லாம் திருவிருந்து அன்று கடைசி வரிசையிலேயே உட்கார்ந்துவிடுகிறேன். எனக்கு விசுவாசம் போதவில்லையா? இல்லை, தேவன் என்னை இன்னும் மன்னிக்கவில்லையா?

ஒரு வாசகர்

*

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் கடிதத்தை மூன்று முறை வாசித்தேன். தேவன் வருகிறார், போதகர் வருகிறார், பிசாசுகூட வருகிறான். பக்கத்து மேசைக்காரர் மட்டும் இரண்டாவது பத்தியோடு காணாமல் போய்விடுகிறார். அவர் இப்போது எங்கே இருக்கிறார், வேறு வேலை கிடைத்ததா, அந்தக் கெட்ட பெயர் அவரோடு எவ்வளவு தூரம் போனது என்று ஒரு வரிகூட இல்லை. உங்களைக் குத்துவதற்காக இதைச் சொல்லவில்லை. உங்கள் இரண்டு கேள்விகளுக்கும் பதில் அந்தக் காணாமல் போன மனிதரிடம் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

முதலில் அந்தச் சங்கீதம். பத்சேபாளை எடுத்துக்கொண்டு, அவள் கணவன் உரியாவைப் போரில் சாகவைத்த தாவீது ராஜாவின் ஜெபம் அது. ‘தேவரீர் ஒருவருக்கே விரோதமாக’ என்ற வரி என்னை நெடுங்காலம் உறுத்தியிருக்கிறது. அது எப்படி ஒருவருக்கே? பத்சேபாளுக்கு விரோதமாக இல்லையா? போர்முனையில் முன்வரிசையில் நிறுத்திச் சாகடிக்கப்பட்ட உரியாவுக்கு விரோதமாக இல்லையா? தன் மரண உத்தரவைத் தானே கையில் சுமந்துகொண்டு போன மனிதன் அவன். எல்லாப் பாவமும் கடைசியில் தேவனுக்கு விரோதமானதே என்று விளக்கம் சொல்வார்கள். சரியான விளக்கம்தான். ஆனால் இன்னொன்றையும் சேர்த்து வாசிக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது. குற்றத்தை எடுத்துச் சொல்ல நாத்தான் தீர்க்கதரிசி வந்து நிற்கும் நேரத்தில் உரியா செத்துப்போயிருந்தான். தாவீது போய் நிற்பதற்கு உரியாவின் வாசல் இல்லை. அவனுக்கு மிஞ்சியது அந்த ஒரு சந்நிதி மட்டும்தான்.

உங்கள் உரியா, எனக்குத் தெரிந்தவரை, உயிரோடு இருக்கிறார்.

நாத்தான் சொன்ன ஆட்டுக்குட்டிக் கதையில் நாம் வேகமாகத் தாண்டிப்போகும் ஓர் இடம் உண்டு. ஏழையின் ஒரே ஆட்டுக்குட்டியைப் பணக்காரன் பிடுங்கிக்கொண்டான் என்று கேட்டதும் தாவீதுக்குக் கோபம் வருகிறது. ‘நாலத்தனை திரும்பச் செலுத்தவேண்டும்’ என்கிறான். திருடிய ஆட்டுக்கு நாலு ஆடு என்பது யாத்திராகமத்திலேயே இருக்கும் சட்டம். அடுத்தவன் குற்றம் என்றால் கணக்கு உடனே ஞாபகம் வருகிறது, பாருங்கள். ‘நீயே அந்த மனுஷன்’ என்ற பிறகுதான் கணக்கு நின்று கண்ணீர் தொடங்குகிறது.

அந்த நாலத்தனை மறுபடி, இயேசுவைச் சந்தித்த ஆயக்காரன் சகேயு வாயில் வருகிறது. வரி வசூலித்துச் சேர்த்த பணம். ‘நான் ஒருவனிடத்தில் எதையாகிலும் அநியாயமாய் வாங்கினதுண்டானால்’ நாலு மடங்காகத் திருப்பித் தருகிறேன் என்கிறான். யாரும் கேட்கவில்லை. லேவியராகமம் அவனிடம் எதிர்பார்த்தது அதைவிடக் குறைவு. ஏமாற்றி எடுத்ததைத் தானே முன்வந்து திருப்புகிறவன் முதலோடு ஐந்தில் ஒரு பங்கு கூட்டிக் கொடுத்தால் போதும். அந்தச் சட்டத்தில் நேரமும் குறித்திருக்கிறது. குற்றம் தீரப் பலிபீடத்தில் கொடுக்கும் குற்றநிவாரணபலியைச் செலுத்துகிற அதே நாளில், உரியவன் கையில் போய்ச் சேர வேண்டும். பலிபீடமும் உரியவன் வீடும் ஒரே நாள் வேலை. நீங்கள் ஒன்றை நூற்றுக்கணக்கான முறை செய்துவிட்டீர்கள், மற்றதை ஒருமுறைகூடச் செய்யவில்லை.

கொடுத்துத்தான் மன்னிப்பை வாங்க வேண்டுமா என்று கேட்பீர்கள். கிடையாது. சகேயு காசு எண்ணத் தொடங்குவதற்கு முன்பே இயேசு அவன் வீட்டுக்கு வருகிறேன் என்று சொல்லியாகிவிட்டது. விருந்தாளி முதலில், கணக்கு பிறகு. ஆனால் கணக்கும் வந்தது. அது வராமல் அந்தக் கதையை முடித்துப் பாருங்கள், எவ்வளவு வசதியான கதையாகிவிடுகிறது!

அப்புறம், பிசாசு விஷயம். உங்கள் போதகர் நல்ல எண்ணத்தில்தான் சொல்லியிருப்பார். நீங்களும் மேலோட்டமாகத்தான் சொன்னேன் என்கிறீர்கள். இரவும் பகலும் குற்றம் சுமத்துகிறவன் என்று வெளிப்படுத்தின விசேஷம் அவனைச் சொல்வது உண்மைதான். ஆனால் உள்ளே கேட்கும் ஒவ்வொரு உறுத்தலையும் அவன் கணக்கில் எழுதிவிட முடியாது. தமிழில் நமக்கு நல்ல சொல் வாய்த்திருக்கிறது, மனச்சாட்சி. பவுல் எழுதிய ‘சுனெய்தேசிஸ்’ என்ற கிரேக்கச் சொல்லுக்குக் கூட இருந்து அறிதல் என்று பொருள். சாட்சிக்காரன் அப்படிப்பட்டவன்தானே? அவன் நீதிபதி இல்லை, தண்டனை கொடுப்பது அவன் வேலை இல்லை. இன்ன நாள், இன்ன இடம், இவர் இருந்தார், இது நடந்தது என்பான். குற்றம் சுமத்துகிறவனுக்கு நாளும் இடமும் தேவையில்லை. ‘நீ எப்பவுமே இப்படித்தான், உனக்கு விடிவே இல்லை’ என்று பொத்தாம்பொதுவாகத் திட்டிக்கொண்டே இருப்பான். உங்கள் கடிதத்தில் இருப்பது விசாரணை, மேசை, மௌனம், பதவி உயர்வு. எல்லாமே சாட்சி பேசுவது. சாட்சியை எதிர்த்து நிற்கச் சொன்னால் எப்படி முடியும்? அவன் சொல்ல வேண்டியது இன்னும் மிச்சம் இருக்கிறது. உரிய இடத்தில் சொல்லி முடிக்கும்வரை அவன் கூண்டைவிட்டு இறங்கமாட்டான்.

இங்கே ஒன்றை நிறுத்திச் சொல்ல வேண்டும். இந்தப் பதிலை வேறு விதமான வாசகர்களும் வாசிப்பார்கள். எந்தத் தவறும் செய்யாமலே, அல்லது என்றோ தீர்த்துவிட்ட ஒன்றுக்காக, நாள் முழுக்கத் தங்களைத் தாங்களே விசாரித்துக்கொண்டிருப்பவர்கள். பின்னாளில் இயேசு சபையை நிறுவிய லயோலா இஞ்ஞாசியார் 1522இல் ஸ்பெயினின் மன்ரேசாவில் இருந்தபோது இதே நிலையில்தான் இருந்தார். மூன்று நாள் எடுத்துக்கொண்டு எழுதியே பாவசங்கீர்த்தனம் செய்து முடித்தவர், ஏதாவது விட்டுப்போயிருக்குமோ என்ற பயத்தில் உயிரை விடலாமா என்ற எண்ணம்வரை போனார். மிகத் தெளிவாகத் தெரிவதைத் தவிர பழையது எதையும் இனிச் சொல்லாதே என்று குரு கட்டளையிட்டார். இஞ்ஞாசியாருக்கோ எல்லாமே மிகத் தெளிவாகத் தெரிந்தது! திருச்சபைச் சீர்திருத்தத்தைத் தொடங்கிய லூத்தரும் மடத்தில் இருந்த காலத்தில் மணிக்கணக்கில் பாவங்களைச் சொல்லித் தம் குருவின் பொறுமையைச் சோதித்தவர்தான். இந்த நிலைக்கு லத்தீனில் வைத்த பெயர் ‘ஸ்க்ரூபுலுஸ்’. கூரான சிறு கல். செருப்புக்குள் புகுந்த கல்லை நினைத்துக்கொள்ளுங்கள். இன்று மனநல மருத்துவர்கள் இதை ஓசிடி என்ற, வேண்டாத எண்ணம் விடாமல் துரத்தும் நோயின் ஒரு வகையாகப் பார்க்கிறார்கள், சிகிச்சையும் உண்டு. அப்படிப்பட்டவர்களுக்கு இன்னும் ஆழமாக மனந்திரும்பு என்று சொல்வது கொடுமை. அவர்கள் மருத்துவரிடம்தான் போக வேண்டும்.

உங்களுடையது அந்தக் கல் இல்லை. உங்கள் காலில் தைத்திருப்பது முள். அது எங்கே இருக்கிறது என்பது உங்களுக்கே தெரியும்.

இயேசுவைக் காட்டிக்கொடுத்த யூதாஸைப் பற்றியும் ஒரு வார்த்தை. அவனுக்குக் குற்றவுணர்ச்சி இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. ‘மனஸ்தாபப்பட்டு’ என்றே மத்தேயு எழுதுகிறார். 30 வெள்ளிக்காசையும் திருப்பிக் கொண்டுபோனான். குற்றமில்லாத இரத்தத்தைக் காட்டிக்கொடுத்தேன், பாவஞ்செய்தேன் என்று வாய்விட்டே சொன்னான். யாரிடம் சொன்னான் என்பதுதான் விஷயம். காசு கொடுத்தவர்களிடம். ‘எங்களுக்கென்ன, அது உன்பாடு’ என்றார்கள். வேறென்ன சொல்வார்கள்? இயேசுவைத் தெரியாது என்று மூன்று முறை மறுதலித்த பேதுருவோ சொல்வதற்கு ஒன்றுமில்லாமல், மற்ற சீஷர்களைவிட்டு ஓடிப்போகாமல் அங்கேயே இருந்தான். பிறகு ஒரு விடியற்காலையில், தான் மறுதலித்தவரின் முகத்துக்கு நேரே போய் உட்கார வேண்டி வந்தது. மறுதலித்த இரவில் குளிர்காய்ந்தது கரிநெருப்பின் அருகே. கடற்கரையில் காத்திருந்ததும் கரிநெருப்பு. யோவான் அந்தச் சொல்லைத் தற்செயலாகப் போட்டிருப்பார் என்று என்னால் நம்ப முடியவில்லை. பழைய இடத்தின் வாசனையோடுதான் ‘என்னை நேசிக்கிறாயா’ என்ற கேள்வி மூன்று முறை வந்தது. மூன்றாம் முறை பேதுரு துக்கப்பட்டான் என்று இருக்கிறது. மன்னிக்கப்படும்போதும் வலிக்கும்போல.

சரி, என்ன செய்வது? அவரைத் தேடுங்கள். நேரில் திடுக்கென்று போய் நிற்க வேண்டாம், உள்ளே விடுவதா வேண்டாமா என்று முடிவு செய்யும் உரிமை அவருக்கு இருக்கட்டும். கடிதம் எழுதுங்கள். ‘என்னை மன்னித்துவிடுங்கள்’ என்று தொடங்காதீர்கள், அது அவரிடம் இன்னொன்றைக் கேட்பது. நடந்ததைச் சொல்லுங்கள். தவறு என்னுடையது, நீங்கள் குற்றம் செய்யவில்லை, எனக்குத் தெரிந்தும் பேசாமல் இருந்தேன் என்று. இதையே பழைய நிர்வாகத்துக்கும் எழுதத் தயார் என்று சொல்லுங்கள், அவர் எழுதச் சொன்னால் எழுதுங்கள். அதற்கு விலை உண்டு. இன்றைய வேலைக்கோ பேருக்கோ ஆபத்து வரலாம், சட்டச் சிக்கல் இருந்தால் வழக்கறிஞர் ஒருவரிடம் பேசிக்கொள்ளுங்கள். அவர் இழந்த சம்பளத்தில் எவ்வளவைத் திருப்ப முடியும் என்றும் உட்கார்ந்து கணக்குப் போடுங்கள். வசனம் எதையும் மேற்கோள் காட்டாதீர்கள். நான் இப்போது கிறிஸ்தவன், அதனால்தான் எழுதுகிறேன் என்பதும் வேண்டாம்.

அவர் மன்னிக்காமல் போகலாம். பல ஆண்டுகளுக்கு முன் நான் ஒருவரைப் பற்றி எழுத்தில் அநியாயமாக ஒன்றைச் சொல்லியிருந்தேன். அது அநியாயம் என்று எழுதும்போதே தெரியும். ரொம்பத் தாமதமாகத் தொலைபேசியில் அழைத்து ஒப்புக்கொண்டேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. “சரி, இப்பவாவது சொன்னீங்களே” என்று சொல்லி வைத்துவிட்டார். அதன்பின் நாங்கள் பேசியதில்லை. அன்று இரவு எனக்கு நிம்மதியெல்லாம் வரவில்லை, வெட்கம்தான் வந்தது. ஆனால் அந்த வெட்கத்துக்கு ஒரு முகம் இருந்தது. முன்பிருந்த உறுத்தலுக்கு அது இல்லை.

திருவிருந்துக்குப் போகலாமா என்று நீங்கள் நேரடியாகக் கேட்கவில்லை, கேட்டதாகவே எடுத்துக்கொள்கிறேன். காணிக்கையைப் பலிபீடத்தின் முன் வைத்துவிட்டு முதலில் போய்ச் சகோதரனோடு ஒப்புரவாகு, பின்பு வந்து செலுத்து என்கிறது மலைப்பிரசங்கம். போ என்ற சொல்லோடு வா என்பதும் அங்கேயே இருக்கிறது. கடைசி வரிசையில் உட்கார்ந்திருப்பது இரண்டிலும் சேராது.

கடிதத்தை எழுதி முடித்ததும் ஒருமுறை வாசித்துப் பாருங்கள். எங்காவது ‘ஆனால்’ என்று வந்திருந்தால், அந்த வாக்கியத்தை அடித்துவிட்டு அனுப்புங்கள்.

அன்புடன்.